வாசகர் கேள்வி – பதில்: அவள் சொல்லி முடிக்கும் வரை

சென்ற இதழில் ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். நடையையும் பேச்சையும் சிறுகச் சிறுகப் பறிக்கும் ஒரு நரம்பு நோய் வந்த அயா என்னும் பள்ளி மாணவியின் கதை அது. அதற்கு வந்த கடிதங்களில் பல, தொடரைப் பற்றிய பேச்சாகத் தொடங்கி, எழுதியவரின் வீட்டிலேயே படுத்திருக்கும் ஒருவரைப் பற்றிய பேச்சாக முடிந்தன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் சேர்க்கவில்லை.

கேள்வி: இது உண்மைக் கதை என்கிறார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

அடிப்படை முழுவதும் உண்மை. ஜப்பானின் ஐச்சி மாகாணத்திலுள்ள தொயொஹாஷி நகரைச் சேர்ந்த கிட்டோ அயா 1962-இல் பிறந்தவர். ‘ஸ்பைனோசெரிபெல்லர் டிஜெனரேஷன்’, அதாவது சிறுமூளையும் தண்டுவடமும் சிறுகச் சிறுகச் சிதையும் நோய், அவருக்கு இருப்பது பதினைந்தாம் வயதில் உறுதியானது. 1988 மே மாதம், இருபத்தைந்து வயதில் காலமானார். எழுதுகோலைப் பிடிக்கக் கை ஒத்துழைத்த காலம் வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு, அவர் உயிருடன் இருந்தபோதே 1986-இல் நூலாக வந்தது. அந்த நூலைத் தழுவி ஃபுஜி தொலைக்காட்சி 2005 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 11 பகுதிகளாக ஒளிபரப்பியதுதான் இந்தத் தொடர். அயாவாக எரிக்கா சவாஜிரியும் தாயாக ஹிரோக்கோ யகுஷிமாருவும் நடித்தார்கள். தாய் பொதுச் சுகாதாரச் செவிலியர் என்பது தொடரிலும் உண்டு, வாழ்க்கையிலும் உண்டு.

மாற்றப்பட்டவையும் உள்ளன. குடும்பப் பெயர் வேறு. அயாவுக்கு மருத்துவம் பார்த்தவர் வாழ்க்கையில் ஒரு பெண். தொடரில் ஆணாக ஆக்கியிருக்கிறார்கள். அயாவை நேசிக்கும் வகுப்புத் தோழன் முழுக்க முழுக்கக் கற்பனை. எழுபதுகளின் இறுதியில் நடந்ததை 2005-ஆம் ஆண்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தக் கடைசி மாற்றம் கதையின் ஒரு முக்கியமான இடத்தைப் பாதிக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் பகுதிகளின் முடிவில் உண்மையான அயாவின் புகைப்படங்களையும் நாட்குறிப்பின் வரிகளையும் காட்டுகிறார்கள். நடிகையின் முகத்துக்குப் பழகிப்போன கண்களுக்கு முன்னால் அந்த இன்னொரு முகம் வந்து நிற்கும்போது, இப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதை மறக்கவே முடியாமல் போகிறது.

கேள்வி: முதல் பகுதியில் அயா பள்ளிக்கு ஓடும்போது விழுந்து தாடையில் அடிபட்டுக்கொள்கிறாள். விழும்போது கைகளை ஊன்றவில்லை என்பதை மருத்துவர் பெரிதாக எடுத்துக்கொள்கிறார். தடுக்கி விழுவது எல்லோருக்கும் நேர்வதுதானே, இதில் என்ன இருக்கிறது?

தடுக்கி விழுவது எல்லோருக்கும் நேரும். ஆனால் விழும் அந்த நொடியில், நாம் நினைப்பதற்கு முன்பே நம் இரண்டு கைகளும் முன்னே நீண்டுவிடுகின்றன. உள்ளங்கையும் முழங்காலும் சிராய்ந்துபோகும், முகம் தப்பிவிடும். பதினைந்து வயதுப் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் தாடை மட்டும் பிளந்திருந்தால், கைகள் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்று பொருள். அந்த மருத்துவர் பார்த்தது காயத்தை மட்டுமல்ல, காயம் இல்லாத இடத்தையும்தான்.

இந்த வேலைகளையெல்லாம் நேரம் தவறாமல் ஒழுங்குபடுத்துவது சிறுமூளை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் அதற்குள், மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அடங்கியிருக்கின்றன. ஓர் அசைவு எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அது கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அயாவுக்கு வந்தது, சிறுமூளையிலும் அதனோடு தொடர்புடைய மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழியும் நோய். தசையில் வலு இருக்கும், ஆனால் அசைவு சொன்னபடி கேட்காது. முதலில் நடை தள்ளாடும். பிறகு பொத்தான் போடுவது, எழுதுவது, பேசுவது, விழுங்குவது என்று ஒவ்வொன்றாகக் கைநழுவும். சிந்தனை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

மருத்துவர் தம் விரலை நீட்டி, அயாவை அந்த விரலையும் அவளுடைய மூக்கையும் மாறி மாறித் தொடச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நரம்பியல் மருத்துவரிடம் போனவர்கள் எல்லோரும் அறிந்த சோதனை அது. இலக்கை நெருங்க நெருங்க விரல் அலைபாய்ந்து சற்றுத் தள்ளிப் போய் நிற்கும். கருவி எதுவும் வேண்டாத அந்தச் சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, தடுக்கி விழும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது அரிய நோய். நடை தள்ளாடுவதற்கு வைட்டமின் பி12 அல்லது வைட்டமின் ஈ குறைபாடு, தைராய்டு கோளாறு போன்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. தள்ளாட்டம் தொடர்ந்து இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதே அதனால்தான்.

கேள்வி: வகுப்பில் நடக்கும் அந்த விவாதக் காட்சியில் என் மனம் மற்ற மாணவர்கள் பக்கமே சாய்ந்தது. அயாவுக்கு உதவுவதால் பாடம் தாமதமாகிறது, தேர்வு நெருங்குகிறது, அவர்களும் பிள்ளைகள்தானே? இதைச் சொன்னதற்காக என் மகள் என்னோடு இரண்டு நாட்கள் பேசவில்லை. நான் இரக்கமற்றவளா?

இரக்கமற்றவர் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார். அந்தக் காட்சி இன்றும் நெஞ்சில் நிற்பதற்குக் காரணமே, அந்த மாணவர்களில் ஒருவரையும் கெட்டவராகக் காட்டாததுதான். அவர்கள் அயாவை வெறுக்கவில்லை. தோழிகள் அவளை ஒரு வகுப்பறையிலிருந்து இன்னொன்றுக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் வந்துசேரும் வரை பாடம் தொடங்குவதில்லை, மணி அடித்த பிறகும் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளுக்கு நாள் அந்தச் சில நிமிடங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அயாவின் முகத்துக்கு நேரே ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இல்லாத நேரத்தில், பெற்றோர் மூலமாக, ஆசிரியர் மூலமாக, அவளுடைய நன்மைக்காகவே பேசுவது போலப் பேசினார்கள். அயாவை நேசிக்கும் அந்த வகுப்புத் தோழன் கொதித்துப்போவது உதவி செய்யாததற்காக அல்ல. முடியவில்லை என்பதை அவளிடமே முதலில் சொல்லியிருக்கலாமே என்பதற்காகத்தான். அந்தக் குற்றச்சாட்டில் அவன் தன்னையும் சேர்த்துக்கொள்கிறான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் தொடரைப் பலரும் மரணத்தைப் பற்றிய கதை என்கிறார்கள். எனக்கு இது நேரத்தைப் பற்றிய கதையாகவே படுகிறது. நோய் அயாவை மெதுவானவளாக ஆக்குகிறது. அவளைச் சுற்றியுள்ள உலகம் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அவளுக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள யாரால் முடிகிறது, எத்தனை நாளைக்கு முடிகிறது என்பதைத்தான் ஒவ்வொரு பகுதியும் பார்த்துக்கொண்டே போகிறது. தாயால் முடிகிறது, ஆனால் அதற்கு அவர் தம் வேலையிலும் உறக்கத்திலும் விலை கொடுக்கிறார். தோழிகளால் சில மாதங்கள் முடிகிறது. வகுப்பால் முடியவில்லை.

இதில் மாணவர்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. ஒரு பள்ளி செய்ய வேண்டிய வேலையை இரண்டு பெண் பிள்ளைகளின் தோளில் ஏற்றி வைத்துவிட்டு, அவர்கள் களைத்துப்போனதும் நோயாளியைப் பார்த்து ‘நீ போய்விடு’ என்று சொல்லும் ஏற்பாடு அது. அயாவின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றியிருக்கலாம். அடுத்தடுத்த பாடங்களை ஒரே அறையில் வைத்திருக்கலாம். உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தியிருக்கலாம். நான் மேலே சொன்ன கால மாற்றம் இங்கேதான் உறுத்துகிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிகளை மாகாணங்கள் கட்டாயம் நடத்த வேண்டும் என்ற நிலையே ஜப்பானில் 1979-இல்தான் வந்தது. உண்மையான அயா அப்படி ஒரு தனிப்பள்ளிக்கு மாறியது அந்தக் காலத்தில். கதையை 2005-க்குக் கொண்டுவந்த பிறகும் அதே முடிவை அப்படியே வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், அரசு நிறுவனங்கள் அவர்களுக்கு வேண்டிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்றும் சொல்லும் சட்டம் ஜப்பானில் 2013-இல் நிறைவேறி 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை நினைக்கும்போது, 2005-இலும் அந்தக் காட்சி நம்பக்கூடியதாகவே இருந்திருக்கும் என்பது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். தலைப்பில் உள்ள அந்த ஒரு லிட்டர் கண்ணீர், சாவை நினைத்து வடித்த கண்ணீர் அல்ல. பள்ளியை விட்டுப் போகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்வதற்கு முன்பு அவள் அழ வேண்டியிருந்த அளவு அது.

கேள்வி: நோயின் பெயரை முதலில் தாயிடம் மட்டும் சொல்கிறார்கள். மகளுக்குத் தெரியாமல் மறைப்பது சரியா?

சில நாட்களுக்குச் சரி என்பேன். சில மாதங்களுக்குச் சரியல்ல. தாய் முதலில் நம்ப மறுத்து வேறு மருத்துவர்களைத் தேடி அலைகிறார், நூல்களைப் புரட்டுகிறார், பிறகு கணவரிடம் சொல்கிறார். அதெல்லாம் அவர் தம் காலில் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் அயா தானாகவே கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுகிறாள். தன்னைப் போலவே தள்ளாடும் இன்னொரு நோயாளியை மருத்துவமனையில் பார்த்த பிறகு, வீட்டில் எல்லோரும் சிரிக்கும் சிரிப்பு அவளை ஏமாற்றவில்லை. மறைக்கிறோம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் பிள்ளைகள் பெரும்பாலும் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்வதால் பயம் போய்விடாது. ஆனால் அந்தப் பயத்தில் அவர்கள் தனியாக இல்லை என்பதாவது தெரியும்.

பெற்றோர் இருவரும் பக்கத்தில் இருக்க, மருத்துவர் அவளிடமே பேசும் முறை எனக்குப் பிடித்திருந்தது. கேட்ட கேள்விக்கு விடை, கேட்காததைத் திணிக்காமை. நோய் ஏன் தன்னைத் தேர்ந்தெடுத்தது என்று அவள் கேட்கும்போது அங்கே ஒருவரிடமும் விடை இல்லை. ஆறுதலுக்காகக்கூட ஒருவரும் ஒரு பொய்யான விடையைச் சொல்லவில்லை.

கேள்வி: என் தங்கைக்கு முப்பத்தொரு வயது. சென்ற ஆண்டு இதே வகை நோய் என்று கண்டறிந்திருக்கிறார்கள். இந்தத் தொடரை அவளுக்குக் காட்டலாமா? அவளுக்கும் ஒரு துணை கிடைத்தது போல இருக்குமே என்று நினைக்கிறேன்.

காட்டாதீர்கள், இப்படி ஒரு தொடர் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நீங்கள் அவளை உட்கார வைத்துக் காட்டினால், அவள் திரையைப் பார்க்கும்போது நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அழுகிறாளா, எந்த இடத்தில் அழுகிறாள் என்று கவனிப்பீர்கள். அந்தப் பார்வையின் சுமையை அவள்மேல் ஏற்ற வேண்டாம். பார்ப்பதா, எப்போது, யாருடன், எந்தப் பகுதியோடு நிறுத்துவது என்பதெல்லாம் அவளுடைய விருப்பமாக இருக்கட்டும்.

அவள் பார்க்க முடிவு செய்தால், முன்கூட்டியே ஒரு செய்தியை அவளிடம் சொல்லிவிடுங்கள். அயாவின் நோய் சென்ற வேகம் எல்லோருக்கும் பொதுவானதல்ல. ஸ்பைனோசெரிபெல்லர் டிஜெனரேஷன் என்பது ஒரே நோயின் பெயரல்ல. பல நோய்களைச் சேர்த்து அழைக்கும் பெயர். சில வகைகள் பரம்பரையாக வருகின்றன, சில அப்படி வருவதில்லை. ஒரே வகைக்குள்ளேயும் தொடங்கும் வயதும் கூடும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். சிறு வயதிலேயே தொடங்கிய ஒருத்தியின் பத்தாண்டுகளைப் பார்த்துவிட்டு, முப்பது வயதில் தொடங்கிய ஒருத்தி அதுவே தன் நாட்காட்டி என்று எண்ணிக்கொண்டால், அது அவளுக்கு நாம் செய்யும் கொடுமை. உங்கள் தங்கைக்கு வந்தது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரம்பரை வகை என்றால் உங்களுக்கும் மற்ற உடன்பிறப்புகளுக்கும் கேள்விகள் எழும். மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன்பு மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் நிதானமாகப் பேசுங்கள், ஏனென்றால் தெரிந்துகொண்டதைப் பிறகு தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியாது.

அவளுக்குத் துணையாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் இதே நோயோடு இன்று வேலைக்குப் போகிற, குழந்தை வளர்க்கிற, சக்கர நாற்காலியில் பயணம் செய்கிற ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுவது, பதினொரு பகுதிகளையும் விட அவளுக்கு நெருக்கமான துணையாக இருக்கலாம். அவள் சிகிச்சை பெறும் நரம்பியல் பிரிவில் கேட்டால், அப்படி ஒருவரைத் தொடர்புகொள்ள வழி கிடைக்கக்கூடும்.

இந்தத் தொடரைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான் என்று தோன்றுகிறது. குறிப்பாக அயாவின் தங்கையின் கதையைப் பாருங்கள். வீட்டின் கவனம் முழுவதும் அக்காவின் பக்கம் திரும்பிய பிறகு, அந்தப் பெண் தன் பொறாமையையும் குற்ற உணர்ச்சியையும் அக்காவின் மீதுள்ள அன்பையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு திரிகிறாள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது.

கேள்வி: இத்தனை ஆண்டுகளில் மருந்து எதுவும் வரவில்லையா?

நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. தள்ளாட்டத்தைக் குறைக்க உதவும் டால்டிரெலின் என்ற மாத்திரை 2000-ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் பயன்பாட்டில் இருக்கிறது. ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்னும் ஒரு வகைக்கு மட்டும், ஓமாவெலோக்சலோன் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் ஒப்புதல் அளித்தது. அது நோயை நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்க முயல்கிறது. அயாவின் காலத்தில் இந்நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் எவையென்று தெரியாது. அவற்றில் பலவற்றை 1990-களில்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அந்த மரபணுக்களையே இலக்காகக் கொண்டு ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

மருந்து இல்லை என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. சமநிலையையும் ஒத்தியக்கத்தையும் மையமாகக் கொண்ட இயன்முறைப் பயிற்சி நடையை மேம்படுத்துகிறது. விட்டுவிட்டால் அந்தப் பலன் தேய்கிறது, ஆகவே தொடர்ந்து செய்ய வேண்டும். விழுங்குவதில் தடுமாற்றம் தொடங்கியதும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். மெல்லிய நீர்தான் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பதால் அதைச் சற்றுக் கெட்டியாக்கித் தருவார்கள். நுரையீரலுக்குள் போகும் நீரும் உணவும் உண்டாக்கும் நிமோனியாதான் இந்நோயின் பிற்காலத்தில் பெரிய ஆபத்து.

கேள்வி: என் கணவருக்குப் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. தொடரின் பிற்பகுதியில் அயா எழுத்துப் பலகையில் சுட்டிப் பேசுவதைப் பார்த்தேன். தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, நாம் எப்படிப் பலகை செய்வது? அவர் பேசும்போது நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முதலில் இரண்டாவது கேள்வி. அவருக்காக நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். இதை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு என் அண்ணனுக்குப் பேச்சு குழறிய நாட்களில், ஒரு மாலை அவர் சுவரைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். தண்ணீரா, விளக்கா, மின்விசிறியா என்று நான் அடுக்கடுக்காகக் கேட்டேன். நான்காவது கேள்விக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவு விளக்கை அணைக்கப் போனபோதுதான் பார்த்தேன்: நாட்காட்டியில் முந்தைய நாளின் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. அரை நிமிடம் பொறுத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

ஆகவே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவருக்கு நேர் எதிரே அமருங்கள். ஒரு நேரத்தில் ஒரு செய்தி. புரியாதபோது புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள். எதுவரை புரிந்ததோ அதைத் திருப்பிச் சொல்லி, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள். களைப்பில் பேச்சு மேலும் குழறும், எனவே முக்கியமான பேச்சுகளை அவர் ஓய்வாக இருக்கும் வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். பலகை தேவைப்படும் வரை காத்திருக்காமல், பேச்சு ஓரளவு இருக்கும்போதே இருவரும் சேர்ந்து அதைப் பழகிவிடுங்கள்.

பலகைக்கு 247 எழுத்தும் வேண்டாம். ஜப்பானியப் பலகைக்கு 46 அடிப்படை எழுத்துகள் வேண்டும்; தமிழுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மேலே உயிரெழுத்து 12, கீழே மூன்று வரிசைகளில் மெய்யெழுத்து 18, ஓரத்தில் ஆய்தம். மெய்யைச் சுட்டிவிட்டு உயிரைச் சுட்டினால் அது உயிர்மெய். ‘தண்ணீர்’ என்பதற்கு த், அ, ண், ண், ஈ, ர் என்று ஆறு முறை விரல் நகர்ந்தால் போதும். அவர் ஒவ்வொன்றைத் தொடும்போதும் நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறாகப் படித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எழுத்துகளைப் பெரிதாக எழுதி, கட்டங்களுக்கு இடையே இரண்டு விரல் அகலம் இடைவெளி விடுங்கள், ஏனென்றால் விரல் அலைபாயும். அடிக்கடி தேவைப்படும் சொற்களை முழுதாகவே தனிக் கட்டங்களில் எழுதுங்கள்: ஆம், இல்லை, வலிக்கிறது, திரும்பிப் படுக்க வேண்டும். இவற்றோடு ‘நீ படித்தது தவறு, முதலிலிருந்து தொடங்கு’ என்பதற்கும் ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். எந்தச் சொற்களுக்குக் கட்டம் வேண்டும் என்பதை அவரையே கேட்டு எழுதுங்கள்.